சென்னையில் ஒரே ஒரு நாள்: ஆஸ்பத்திரி வாசல்கள் வழியாக ஒரு சுற்று

1/
"டாக்டர், ஒரு நாள் மட்டும் சென்னையில இருப்போம், எதைப் பார்க்கலாம்?" யாரைக் கேட்டாலும் இதுக்கு ஒரே பட்டியல்தான் வரும். மெரினா, கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம் தேவாலயம், தி.நகர். நல்ல பட்டியல்தான், குறை சொல்ல மாட்டேன். நான் வேற ஒண்ணு தர்றேன். இந்த ஊரின் மருத்துவ வரலாற்றை ஒரே நாளில் சுற்றிப் பார்க்கிற பட்டியல். இழை நீளம், நிதானமா படிங்க.

2/
இந்த ஊரில் ஐரோப்பிய மருத்துவத்துக்குன்னு முதல் ஆஸ்பத்திரி திறந்தது 1664-ல். அன்னைக்கு அந்தக் கதவு ரொம்பச் சிலருக்குத்தான் திறந்தது. அப்புறம் யார் யாருக்குத் திறந்தது, யார் தட்டினதால திறந்தது? இன்னைக்குப் பார்க்கப் போற ஒவ்வொரு இடத்திலும் இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில வெச்சுக்கோங்க.

3/
கிளம்பும் முன்னாடி மூணு விஷயம்.
வெள்ளிக்கிழமை வேண்டாம், நாம போகிற இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் அன்னைக்கு விடுமுறை.
அடையாள அட்டை எடுத்துக்கோங்க, கோட்டைக்குள்ள தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு.
மூணாவதுதான் முக்கியம். ஆஸ்பத்திரி சுற்றுலாத் தலம் இல்ல. வார்டு பக்கம் போகாதீங்க, நோயாளிகளைப் போட்டோ எடுக்காதீங்க. சாலையில் நின்று கட்டடத்தைப் பார்த்தாலே நமக்குப் போதும்.

4/
முதல் இடம்: புனித ஜார்ஜ் கோட்டை. காலை 9 மணி.
புறநகர் ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினா நடந்தே போயிடலாம். உள்ளே கோட்டை அருங்காட்சியகமும் 1680-ல் கட்டி முடிச்ச புனித மேரி தேவாலயமும் இருக்கு. தேவாலயத்தைச் சுற்றிப் பதிச்சிருக்கிற கல்லறைக் கற்களை ஒரு பத்து நிமிஷம் பாருங்க. இங்கே வந்து இளம் வயசிலேயே செத்துப்போன ஐரோப்பியர்கள் எத்தனை பேர்னு புரியும்.

5/
ஆஸ்பத்திரி பிறந்ததுக்குக் காரணமே இதுதான். கப்பலில் வந்து இறங்கின கம்பெனி சிப்பாய்களைக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாரிக்கிட்டுப் போச்சு. 1664-ல், சர் எட்வர்ட் வின்டர் கோட்டையின் தலைவரா இருந்தப்போ, நோயாளி சிப்பாய்களுக்காக ஒரு வாடகை வீட்டில் ஆஸ்பத்திரி திறந்தாங்க. கருணையால மட்டும் திறந்ததுன்னு சொல்ல முடியாது. சிப்பாய் செத்தா கோட்டைக்குக் காவல் இல்ல.

6/
அந்தக் காலத்து மருத்துவம் எப்படி இருந்ததுக்கு ஒரு சம்பவம். 1693-ல் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்பு சரியில்ல. கோட்டையின் சர்ஜன் சாமுவேல் பிரவுன், முத்துப் பொடி கலந்த மருந்து கொடுத்தார். முத்தை இடிச்ச உரலில் அதுக்கு முன்னாடி ஆர்சனிக் இடிச்சிருக்காங்க. உரலைச் சரியா கழுவல. வீலர் இறந்துபோனார்.

7/
எட்வர்ட் பல்க்லி என்ற இன்னொரு சர்ஜன் உடலைத் திறந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் எழுத்தில் பதிவான ஆரம்பகால பிரேதப் பரிசோதனைகளில் இது ஒண்ணு. பிரவுன் மேல விசாரணை நடந்தது, ஜூரி அவரை விட்டுடுச்சு. 330 வருஷம் கழிச்சும் மருந்து கொடுக்கிற ஒவ்வொரு நர்ஸும் லேபிளை ரெண்டு தடவை படிக்கிறது இதே பயத்தில்தான்.

8/
ஆனா இன்னொண்ணையும் யோசிங்க. ஒரு கவுன்சில் உறுப்பினர் செத்தா பிரேதப் பரிசோதனை, அறிக்கை, ஜூரி. அதே வருஷம் கோட்டைச் சுவருக்கு வெளியே துணி நெய்தவரோ, படகு தள்ளினவரோ எதனால செத்தார்னு எழுதி வைக்க யாரும் இல்ல. சுவருக்கு உள்ளே ஆஸ்பத்திரி. வெளியே நாட்டு வைத்தியரும் அவங்கவங்க விதியும்.

9/
இரண்டாம் இடம்: சுவருக்கு வெளியே, வடசென்னை. காலை 10.30.
பாரிமுனையிலிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி முன்னாடி இறங்குங்க. வடசென்னைப் பெரியவங்ககிட்ட ஸ்டான்லின்னு சொல்லாம "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி எங்கே"ன்னு கேட்டுப் பாருங்க. சரியா வழி சொல்வாங்க.

10/
பேர் வந்த கதை இது. 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தார். சுற்றுவட்டார கிராமங்கள் எல்லாம் பாழ். வயல் எரிஞ்சு, ஏரி உடைஞ்சு, ஜனங்க பட்டினியோட நகரத்துக்கு ஓடி வந்தாங்க. 1782 வாக்கில் இந்தப் பக்கம் ஒரு சத்திரத்தில் அவங்களுக்குக் கஞ்சி ஊத்தினாங்க. மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில அது "மோனிகர் சவுல்ட்ரி" ஆயிடுச்சு.

11/
பட்டினியில வந்தவங்களுக்குக் கஞ்சி மட்டும் போதாது. நோயும் கூடவே வரும். இது டாக்டர்களுக்கு நல்லாத் தெரியும், பஞ்சத்தில் சாகிறவங்களில் பெரும்பகுதி பசியை விட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும்தான் சாவாங்க. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற சர்ஜன் முயற்சியில் இங்கே நம்ம ஜனங்களுக்கான ஆஸ்பத்திரி ஆரம்பிச்சது. கோட்டைக்குள்ள சிப்பாய்க்கு ஆஸ்பத்திரி வந்து 135 வருஷம் கழிச்சு!

12/
அந்த வேரில் வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. 1938-ல் முன்னாள் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி பேரில் மருத்துவக் கல்லூரி ஆச்சு. கவர்னர் பேரு போர்டில் இருக்கு. கஞ்சித்தொட்டி என்ற பேரு ஜனங்க வாயில இருக்கு. எனக்கு ரெண்டாவது பேருதான் சரியான வரலாறுன்னு தோணும். மணியக்காரர் சத்திரம் இன்னமும் பக்கத்திலேயே முதியோர் இல்லமா நடக்குது.

13/
மூன்றாம் இடம்: ஜி.எச். காலை 11.30.
சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நேர் எதிரில். இன்னைக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. நீங்க காலையில கோட்டையில பார்த்தீங்களே, அந்த வாடகை வீட்டு ஆஸ்பத்திரி, அதேதான் இது. பல இடம் மாறி 1772-ல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதாவது சென்ட்ரல் ஸ்டேஷன் கட்டுறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே.

14/
1835-ல் ஆஸ்பத்திரியோட சேர்த்து ஒரு மருத்துவப் பள்ளி. 1850-ல் அது கல்லூரி. நோக்கம் ராணுவ சர்ஜன்களுக்கு உதவியாளர்களைத் தயார் பண்றது. நம்ம ஆட்களை டாக்டர் ஆக்கணும்னு முதலில் யாரும் கனவு காணல. ஆனா பள்ளிக்கூடம்னு ஒண்ணைத் திறந்துட்டா அதுக்குள்ள யார் வரணும்னு காலம் முழுக்கக் கட்டுப்படுத்த முடியாது.

15/
சாலையிலிருந்தே தெரியும் ஒரு சிலையைப் பாருங்க. டாக்டர் எஸ்.ரங்காச்சாரி. கும்பகோணம் பக்கம் சருக்கை கிராமத்தில் பிறந்து இந்த ஆஸ்பத்திரியின் பேர்பெற்ற சர்ஜன் ஆனவர். வெளியூர் நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமா விமானமே வாங்கி ஓட்டினவர். 1934-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். டைபாய்டைக் குணமாக்கும் மருந்து வர இன்னும் பதினஞ்சு வருஷம் இருந்தது. இன்னைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிற சிகிச்சை அன்னைக்கு அவருக்குக்கூட இல்ல.

16/
சிவப்புக் கட்டடம் ஒண்ணு கண்ணில் படும். 1897-ல் கட்டினது. பல தலைமுறை டாக்டர்கள் உடற்கூறியல் படிச்ச இடம். இந்தக் கல்லூரியில்தான் 1875-ல் உலகமே திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய ஒரு விஷயம் நடந்தது. அதைச் சாப்பிட்டுட்டு, அடுத்த இடத்தில் வெச்சுப் பேசலாம்.

17/
நான்காம் இடம்: திருவல்லிக்கேணி. மதியம் 12.30.
முதலில் சாப்பாடு. திருவல்லிக்கேணியில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல, மெஸ்ஸும் பிரியாணிக் கடையும் தெருவுக்கு நாலு. தண்ணி நிறைய குடிங்க. ஏப்ரல், மே, ஜூன்ல வந்திருந்தா ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒண்ணு பையில இருக்கட்டும். அப்புறம் சேப்பாக்கம் மைதானத்துக்குப் பக்கம் வந்தா கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. ஊர் சொல்ற பேரு "கோஷா ஆஸ்பத்திரி".

18/
மேரி ஷார்லீப். கணவர் வக்கீல், அவரோட மெட்ராஸுக்கு வந்த இங்கிலாந்துப் பெண். இங்கே பிரசவத்தில் பெண்கள் படுற பாட்டைக் கேள்விப்பட்டார். ஆண் டாக்டர் முன்னாடி வர மாட்டாங்க, வீட்டில் உள்ளவங்களும் விட மாட்டாங்க, அப்படியே செத்துப்போவாங்க. முதலில் பிரசவம் பார்க்கக் கத்துக்கிட்டார். அது போதலன்னு புரிஞ்சதும் மருத்துவமே படிக்கணும்னு முடிவு பண்ணார்.

19/
1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி அவரையும் இன்னும் மூணு பெண்களையும் சேர்த்துக்கிச்சு. வருஷத்தைக் கவனிங்க. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பெண்களுக்குப் பட்டம் கிடையாதுன்னு 1873-ல்தான் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருந்தது. பிரிட்டனில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்கலாம்னு சட்டம் வந்தது 1876-ல். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவு திறந்தது 1878-ல். மெட்ராஸ் முந்திக்கிச்சு.

20/
ஷார்லீப் இங்கே படிச்சு, லண்டன் போய் மேற்படிப்பும் முடிச்சு, திரும்பி வந்து 1885-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கோஷான்னா திரை போட்டுக்கிறது. திரைக்குப் பின்னாடி இருந்த பெண்கள் கூச்சமில்லாம வரணும்னு பெண்களே நடத்தின ஆஸ்பத்திரி. வெங்கடகிரி ராஜாவின் நன்கொடையில் 1890-ல் இந்த இடத்துக்கு வந்தது.

21/
ஒண்ணை மறைக்காமச் சொல்லணும். முதலில் சேர்ந்த நாலு பேரில் இந்து, முஸ்லிம் பெண்கள் யாரும் இல்ல. புதுக்கோட்டையில், தேவதாசி குடும்பத்துத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி அதே கல்லூரியில் பட்டம் வாங்கினது 1912-ல். நடுவில் 37 வருஷம். முதலில் அவர் உள்ளூர்க் கல்லூரியில் சேரவே எதிர்ப்பு இருந்தது, பையன்களோட ஒரு பொண்ணு படிப்பதான்னு.

22/
அந்த முத்துலட்சுமி ரெட்டி பிறகு சட்டமன்ற மேலவைக்குப் போனார், தேவதாசி முறை ஒழியப் போராடினார், 1930-ல் அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காம, 1954-ல் அடையாறில் 12 படுக்கையோட புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். ஒரு ஆளுக்குக் கதவு திறந்தா அந்த ஆள் இன்னும் எத்தனை கதவைத் திறப்பார்னு கணக்குப் போட முடியாது. அடையாறு இன்னைக்கு நம்ம பாதையில் இல்ல, இன்னொரு நாள் போகலாம்.

23/
ஐந்தாம் இடம்: எழும்பூர் அருங்காட்சியகம். மதியம் 2 மணி.
இதை எல்லாரும் பட்டியலில் வெச்சிருப்பாங்க. அமராவதி சிற்பங்கள், வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காடு நடராஜர். ரெண்டையும் விடாதீங்க, ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. ஆனா இந்த அருங்காட்சியகத்தை 1851-ல் தொடங்கினவர் யார் தெரியுமா? எட்வர்ட் பால்ஃபர். ஒரு சர்ஜன்!

24/
மனுஷனுக்கு எல்லாத்திலும் ஆர்வம். கல், செடி, காடு, பஞ்சம், பொது சுகாதாரம், எல்லாத்தையும் பற்றி எழுதினார். ஜனங்க வரணும்னு அருங்காட்சியகத்தோட உயிருள்ள விலங்குகளையும் வெச்சார். அந்த விலங்குக் காட்சிசாலைதான் இடம் மாறி மாறி 1985-ல் வண்டலூர் போச்சு. அதைவிடப் பெரிய வேலை ஒண்ணு இருக்கு. 1870-களில் மெட்ராஸ் மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலா இருந்தப்போ, பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கணும்னு வாதாடினவர் இதே பால்ஃபர்தான். நடராஜரைப் பார்த்துட்டு வெளியே வரும்போது அவரையும் நினைச்சுக்கோங்க.

25/
பக்கத்திலேயே எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. 1819-ல் தொடங்கினது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒண்ணு. அந்தக் காலத்தில் ஊர் ஊரா வந்தவங்க கண்புரையை ஊசியால் உள்ளே தள்ளி விடுவாங்க. உடனே பார்வை தெரியும், ஆள் அடுத்த ஊருக்குப் போயிடுவான், பிறகு பலருக்குக் கண் கெட்டுப் போகும். 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் இங்கே இருந்த எலியட் அப்படிக் கெட்ட கண்களைச் சேகரிச்சு ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். வெளியே நின்று பார்த்துட்டு வாங்க, ரயிலுக்கு நேரமாச்சு.

26/
ஆறாம் இடம்: சேத்துப்பட்டு. மாலை 5 மணி.
எழும்பூரிலிருந்து தாம்பரம் போகும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன். இங்கே இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் நின்று போட்டோ எடுக்கிறவங்க யாரும் இல்ல. ஆனா என்னைக் கேட்டா, இன்னைக்குப் பார்த்த எல்லா இடத்திலும் உலகத்தை அதிகமா மாத்தின இடம் இதுதான்.

27/
1950-கள். டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியசிட் எல்லாம் வந்தாச்சு. ஆனா நோயாளியை மாசக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்கணும், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று வேணும், வீட்டில் இருந்தா குடும்பத்துக்கே பரவும். இதுதான் உலகம் நம்பின விஷயம். நம்ம நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கை ஆயிரக்கணக்கில். அப்போ மீதிப் பேர் சாக வேண்டியதுதானா?

28/
1956-ல் இங்கே ஒரு ஆய்வு தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாலும் சேர்ந்து. 193 ஏழை நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவங்க வீட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவங்களுக்கு நெருக்கடியான குடிசை, குறைஞ்ச சாப்பாடு, கொஞ்சம் தேறினதும் வேலைக்கும் போயாகணும்.

29/
1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் சிகிச்சை எடுத்தவங்களும் சானடோரியத்தில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணமானாங்க. அதைவிட முக்கியம், வீட்டில் சிகிச்சை எடுத்தவங்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவங்களின் குடும்பத்தாரைவிட நோய் அதிகமா வரல. நோயைக் குணமாக்கினது மாத்திரை. ஒழுங்கா, விடாம போட்ட மாத்திரை.

30/
உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடினதுக்கும், டி.பி. சிகிச்சை வீட்டு வாசலுக்கு வந்ததுக்கும் இந்த ஆய்வு பெரிய காரணம். காலையிலிருந்து ஆஸ்பத்திரிக் கதவு யாருக்குத் திறந்ததுன்னு பார்த்துக்கிட்டே வந்தோம். இங்கே வந்து பார்த்தா, அந்தக் கதவுக்குள்ள நோயாளி வந்து படுக்கவே வேண்டாம், மருந்து அவர் வீட்டுக்குப் போனா போதும்னு நிரூபிச்சிருக்காங்க. அதுவும் மெட்ராஸ் குடிசைகளில் இருந்த ஜனங்களை வெச்சு.

31/
இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அரசு ஆஸ்பத்திரியில் வாராவாரம் இதைப் பார்க்கிறேன். டி.பி.ன்னு தெரிஞ்ச அன்னைக்கே வீட்டில் தட்டு தனி, டம்ளர் தனி. மருமகளா இருந்தா அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. குழந்தையைத் தூக்க விட மாட்டாங்க. வேலை போயிடும்னு பயந்து மறைச்சு, மாத்திரையைப் பாதியில் விட்டவங்க திரும்ப வரும்போது மருந்துக்கு அடங்காத டி.பி.யோட வர்றாங்க.

32/
தட்டு, டம்ளரில் டி.பி. பரவாது. இருமும்போது காற்றில் பரவும். சரியான சிகிச்சை தொடங்கினதும் பரவுற தன்மை சீக்கிரமே குறைஞ்சிடும். வாயை மூடி இருமணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும், வீட்டில் உள்ள எல்லாரும் ஒருமுறை பரிசோதனை பண்ணிக்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனை. பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இதெல்லாம் பண்ணினா ஆளை ஒதுக்கத் தேவையே இல்ல. இதை இந்த ஊரே அறுபது வருஷத்துக்கு மேல முன்னாடி உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. நம்ம வீட்டுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரல.

33/
சரி, மணி ஆறு ஆகப்போகுது. தெற்கே ஊருக்குத் திரும்புறவங்க சேத்துப்பட்டிலேயே தாம்பரம் ரயில் ஏறிடலாம். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பேரு தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே தொடங்கின காசநோய் சானடோரியத்தால் வந்த பேரு. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பேரைக் கேட்டுக்கிட்டே கடந்து போறாங்க. கூட வர்ற பிள்ளைங்க "சானடோரியம்னா என்ன"ன்னு கேட்டா, சேத்துப்பட்டுக் கதையைச் சொல்லுங்க.

34/
சுருக்கமா: கோட்டை 9, ஸ்டான்லி 10.30, ஜி.எச். 11.30, திருவல்லிக்கேணி 12.30, எழும்பூர் 2, சேத்துப்பட்டு 5. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கும். வயசானவங்க, சர்க்கரை நோய் உள்ளவங்க கூட வந்தா ஸ்டான்லியை விட்டுட்டுக் கோட்டையிலிருந்து நேரா ஜி.எச். வந்துடுங்க. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீங்க, மாத்திரை பையிலேயே இருக்கட்டும்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்த கதை, கஞ்சித்தொட்டியில் பிழைச்ச கதை இருந்தா கீழே எழுதுங்க. எல்லாத்தையும் படிப்பேன்.